அந்தோணியின் கல்யாணச் சப்பாத்து

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து, மழையில் அட்டை ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகின்றன. ஆசிரியர் ஐயா திருத்திக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அச்சுக் கோக்கிற தம்பிகள் திட்டுவதானால் என் காதில் விழாதபடி திட்டட்டும்.

போன வாரம், சிறு பையனாக அப்பாவோடு கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வந்து இறங்கியதையும் லயத்து வீட்டையும் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு இங்கே ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார். "அண்ணே, ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் சீவிக்கிட்டு இருந்த ஆளு ரயில்வேக்கு எப்படி வந்தீங்க?"

எனக்கு வாயால் சொல்ல வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

உட்காராத பயணம்

செடெனாக்கிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் அன்றைக்கு நான் ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பாதி பலகை காலி. ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து கோட்டில் விழுந்துவிடக் கூடாது என்று ஜன்னலுக்கு எட்டத்தில், இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப் பலகையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கால்மாட்டில் கோழிக்கூடை.

"டுடோக்லா," என்று பக்கத்துப் பலகையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"தாப்பா, பாச்சிக்," என்றேன். பரவாயில்லை ஐயா.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வெள்ளைச் சிலுவார், அதாவது முழுக்கால்சட்டை. கறுப்புச் சப்பாத்து. "காவின்?" என்றார். கல்யாணமா என்று கேட்கிறார்.

"கெர்ஜா," என்றேன். வேலை.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்தை ஏன் இவன் மறைக்கிறான் என்று நினைத்திருப்பார். கூடையிலிருந்த கோழியும் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. எனக்கு வியர்த்தது. வியர்த்தால் கஞ்சி இளகும், கஞ்சி இளகினால் கோட்டு தொங்கும் என்று செல்லாயி சொல்லி அனுப்பியிருந்தாள். அதை நினைத்ததும் இன்னும் வியர்த்தது.

செல்லாயி சொன்னது

செல்லாயி என் மனைவி. நான் எவ்வளவு பேச மாட்டேனோ அவ்வளவையும் சேர்த்து அவள் பேசுவாள். ஆனால் எங்கள் முதல் பையன் காய்ச்சலில் போனபோது சில மாதம் அவளும் பேசவில்லை.

எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது. பின்னால் சேற்று ஓடை. சாயங்காலம் ஆனால் கொசு புகை மாதிரி எழும்பும். அந்த வரிசை வீடுகளில் குழந்தைகள் தங்கவில்லை. எங்கள் பையன் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தான். சுவரில் அவன் கைபட்ட கரி அடையாளம் அவனுக்குப் பிறகும் இருந்தது. சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தபோது செல்லாயி அந்த இடத்தை மட்டும் அடிக்க விடவில்லை.

அவள் மறுபடியும் உண்டான பிறகு ஒருநாள், அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் புள்ள இந்த லயத்துல பொறக்காது."

என்னிடம் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான்.

மகாயுத்தம் முடிந்து சில வருடம் ஆகியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால் எல்லாத் தோட்டத்திலும் அதே லயம், அதே ஓடை. நான் என்ன செய்வேன் என்று திகைத்துக்கொண்டிருந்தபோதுதான் செடெனாக் ஸ்டேஷன் மாஸ்டர் வாய் திறந்தார்.

மாஸ்டர் போட்ட நிபந்தனை

ரப்பர் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குகிற வேலைக்கு அடிக்கடி என்னை அனுப்புவார்கள். மாஸ்டர் யாழ்ப்பாணத்தார். கண்டிப்பானவர். அன்றைக்கு நான் பெட்டி இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கூப்பிட்டார்.

"தம்பி, வாற கிழமை ஜொகூர் பாரு ஆபீசிலை போர்ட்டர் வேலைக்கு ஆள் எடுக்கினம். போய்ப் பாரன்."

நான் தலையைச் சொறிந்தேன்.

"ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை வீடு தருவினம். குழாய்த் தண்ணி. ஆனா ஒண்டு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ. வெறுங்காலோடை நிண்டால் துரை ஏறெடுத்தும் பாக்கார்."

ஏன் என்று அவராகவே சொன்னார். போன முறை தோட்டத்திலிருந்து எடுத்த ஆட்கள், ரயில்வே கொடுத்த சப்பாத்தைக் கழற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்களாம். ஒருவன் காலில் இரும்புப் பெட்டி விழுந்து விரல்கள் நசுங்கிப் போயின. அதற்குப் பிறகு ஆள் எடுக்கிற துரை முதலில் காலைத்தான் பார்க்கிறாராம்.

குழாய்த் தண்ணீர் என்று அவர் சொன்னது மட்டும் வண்டியில் திரும்பும் வழியெல்லாம் என் காதில் இருந்தது.

காலில் ஒட்டிய பயம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சப்பாத்து என்றால் எங்களுக்கு வெறும் தோல் இல்லை.

தோட்டத்தில் துரைக்கு முன்னால் காலில் எதையும் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. குடையை விரிக்கக் கூடாது. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். சைக்கிள் வைத்திருந்தவன் பங்களா கண்ணில் பட்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. பார்த்துப் பழகினோம்.

நான் பையனாக இருந்தபோது ஊரிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். சின்னப்பன் என்று பெயர். அவர் மாமனார் தைத்துக் கொடுத்த தோல் செருப்பு, நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். முதல் நாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, அதைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். துரை குதிரையில் வந்தார். சின்னப்பன் காலைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், போய்விட்டார்.

கங்காணி அந்தச் செருப்பைக் கழற்றச் சொல்லி, அவர் வாயிலேயே கவ்விக்கொண்டு நிற்க வைத்தார். பெரட்டு முடியும்வரை. எச்சில் வழிந்து நெஞ்சில் இறங்கியது. நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பயம் மூளைக்கு ஏறவில்லை, காலிலேயே தங்கிவிட்டது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

சப்பாத்துக்காரன்

எங்கள் லயத்தில் சப்பாத்து வைத்திருந்த ஒரே ஆள் அந்தோணி. பாலை உறையவைத்து ரப்பர் தட்டு போடுகிற ஸ்டோரில் வேலை. மாதா கோயிலில் மேரியைக் கட்டியபோது சாமியார் முன்னால் நிற்க வாங்கியது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வெளியே வரும். மற்ற நாளில் தகரப் பெட்டியில், பழைய துணி சுற்றி, கற்பூர உருண்டையோடு தூங்கும்.

நான் அவன் வீட்டு வாசலில் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. செல்லாயிதான் கேட்டாள்.

அந்தோணி என்னை மேலும் கீழும் பார்த்தான். "இதப் போட்டுக்கிட்டுத்தான் மேரிய சாகுறவரைக்கும் வச்சிக் காப்பாத்துறேன்னு சத்தியம் பண்ணேன். சப்பாத்த நீ கொண்டுபோனா சத்தியத்தையும் நீதான்டா தூக்கணும்."

உள்ளேயிருந்து மேரி கத்தினாள். "நல்லதாப் போச்சு! அவராச்சும் வெறகு ஒடைச்சுக் குடுப்பாரு!"

அந்தோணி பெட்டியைத் திறந்தான். சப்பாத்து என் காலைவிடப் பெரிது. உள்ளே கால் தனியாகவும் சப்பாத்து தனியாகவும் நடந்தன. செல்லாயி இலவம்பஞ்சைப் பிய்த்து முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் திணித்தாள்.

சாயங்காலங்களில் லயத்துக்குப் பின்னால், செம்மண் சரளையில் நடந்து பழகினேன். முதல் நாளே குதிகால் தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு மறுநாளும் நடந்தேன். குழந்தைகள் பின்னாலேயே வந்து "சலாம் தொரை!" என்றார்கள். தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஏய் செல்லாயி, ஒன் வீட்டுக்காரரு கால்ல என்னடி, ரெண்டு கரிச்சட்டி?"

"ஆமாடி, உள்ள சோறு வேகுது. வெந்ததும் கூப்புடுறேன், தட்டோட வா," என்றாள் செல்லாயி.

எனக்கு வெட்கம் பிடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. ஓடையைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கிராணியின் அளவு

சப்பாத்து வந்துவிட்டது. வேட்டிக்குக் கீழே சப்பாத்துப் போட்டால் நன்றாயிராது என்று அந்தோணி சொன்னான். தீபாவளிக்கு வேட்டி கிழிக்க வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணி இருந்தது. மேரிக்கு மடத்துச் சிஸ்டர்களிடம் தையல் பழக்கம். ஆனால் அவள் பாவாடை, கவுன் தைத்திருக்கிறாளே தவிர ஆண்பிள்ளைச் சிலுவார் தைத்ததில்லை.

கோட்டுக்கு என் சட்டையே அளவு. சிலுவார் அளவுக்கு என்ன செய்வது? ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர்தான் தோட்டத்தில் சிலுவார் போடுகிற தமிழர். மேரி அவர் மனைவியிடம் கதை பேசப் போனாள். கொடியில் சிலுவார் காய்ந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே, பூ கட்டுகிற நூலை எடுத்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, தொடைக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கிராணி ஒல்லி. நான் மூட்டை தூக்குகிறவன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது. குந்த முடியவில்லை.

"வேல கேக்கப் போற எடத்துல எதுக்குக் குந்துறீங்க?" என்றாள் மேரி. "நின்னு பேசுங்க."

கஞ்சி போட்டதில் செல்லாயிக்கு ஆசை அதிகமாகிவிட்டது. அரிசி வடித்த கெட்டிக் கஞ்சி. சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை அந்தோணி வீட்டில் வாங்கித் தேய்த்தாள். தேய்த்து முடித்த சிலுவாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது தானாகவே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் கையில் எப்போதும் பால்வாடை இருக்கும். பால் காய்ந்து, புளித்து, நகக்கண்ணில் கறுப்பாக ஏறியிருக்கும். சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுச் செல்லாயி ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். குடுமியை எடுக்கத்தான் மனம் வரவில்லை. கடைசியில் அதுவும் போனது. கண்ணாடியில் பார்த்தேன். காது இரண்டும் இவ்வளவு பெரிது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முந்தின நாள் கங்காணியிடம் லீவு கேட்டேன். விஷயம் அவருக்கு முன்பே தெரியும்.

"சப்பாத்து மாட்டிட்டா ஒனக்குப் பால் மரம் சலாம் போடுமா?" என்றார். "போ. கெடைக்கலன்னா திரும்பி வருவ இல்ல? அப்ப மலைக்காட்டுல புல்லு வெட்டு. பொண்டாட்டியும் அங்கதான்."

வயிற்றுப் பிள்ளையோடு மலைக்காடு. அவர் சொன்னால் செய்வார்.

அரைக் கதவு

அன்று காலை சிலுவாருக்கு மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டு, கோட்டையும் சப்பாத்தையும் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனேன். துரை பங்களா வளைவைத் தாண்டிய பிறகுதான் சாரத்தை அவிழ்த்தேன். ஸ்டேஷன் குழாயில் கால் கழுவிச் சப்பாத்துப் போட்டேன். அப்புறம் நின்றுகொண்டே பயணம். அதைத்தான் முதலில் சொன்னேன்.

ஜொகூர் பாரு ஸ்டேஷன் ஆபீசில் ஒரு நீள விசுப்பலகை. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நின்றேன். எல்லோர் காலிலும் ஏதோ ஒன்று இருந்தது. என் சப்பாத்து அவர்களுடையதைவிடப் பளபளப்பு. முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அறைக்கு, இடுப்பு உயரத்தில் ஆடுகிற அரைக் கதவு. அதற்குக் கீழே உள்ளேயிருந்த மேசைக்கால் தெரிந்தது. மேசைக்கடியில் வெள்ளைக்காரத் துரையின் பழுப்புச் சப்பாத்து.

"மாணிக்கம்!" என்று கிளார்க்கர் கூப்பிட்டார்.

கதவைத் தள்ளினேன். மின்விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. சிவந்த முகம். வெள்ளைச் சட்டை. துரை. கையை நெற்றிக்கு உயர்த்திச் சலாம் வைத்தேன். மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். கிளார்க்கரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் கால் வெறுங்காலாக இருந்தது. வியர்வையில் இலவம்பஞ்சு விரலிடுக்கெல்லாம் ஒட்டி, கோழிக்குஞ்சின் கால் மாதிரி இருந்தது.

எப்போது கழற்றினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. துரை என்று கண்ணில் பட்டதும் கால் தானாக உருவிக்கொண்டுவிட்டது. அந்தோணியின் சப்பாத்து இரண்டும் அரைக் கதவுக்கு வெளியே, ஒழுங்காக ஜோடி சேர்ந்து, சுவரோரம் இருந்தன.

துரை ஏதோ கேட்டார்.

"சப்பாத்து எங்கை எண்டு கேக்கிறார்," என்றார் கிளார்க்கர். அவரும் யாழ்ப்பாணத்தார்தான்.

"வெளிய... விட்டிருக்கேங்க."

துரை கிளார்க்கரிடம் ஒரே வார்த்தை சொன்னார். கையை வாசல் பக்கம் அசைத்தார்.

"சரி, போ," என்றார் கிளார்க்கர். "அடுத்த ஆள்!"

மறுபடியும் உள்ளே

வெளியே வந்தேன். அடுத்த ஆள் என்னைத் தாண்டி உள்ளே போனான், டக் டக் என்று.

அந்தச் சப்பாத்துக்கு முன்னால் நின்றேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "கோயிலுன்னு நெனச்சிட்டாரு போல," என்றான்.  எனக்கு மலைக்காடு தெரிந்தது. சரிவில் செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லரிவாளோடு குனிவது தெரிந்தது. சுவரில் இருந்த சின்னக் கரிக் கை தெரிந்தது.

குந்தினால் சிலுவார் கிழியும். ஆகவே ஒவ்வொரு காலாகத் தூக்கி விசுப்பலகையில் வைத்து, சப்பாத்தை மாட்டினேன். கயிற்றை இழுத்துக் கட்டினேன். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. பால்வாளியைத் தோளில் சுமக்கிற காண்டாக் கட்டையில் கட்டுகிற மாதிரி, இனி யாராவது கத்தியால் அறுத்தால்தான் கழலும் என்கிற மாதிரி கட்டினேன்.

பிறகு காத்திருந்தேன். எல்லோரும் போய் வந்தார்கள். விசுப்பலகை காலியானது. உள்ளே துரை எழுந்திருக்கிற நாற்காலிச் சத்தம் கேட்டது.

அரைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏய், உன்ரை முறை முடிஞ்சுது!" என்று கிளார்க்கர் எழுந்தார்.

மேசைவரை நடந்தேன். மரப்பலகைத் தரை. என் காலடிச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. என் வாழ்நாளில் நான் ஒரு துரைக்கு முன்னால் சத்தம் போட்டதென்றால் அதுதான்.

"ஐயா," என்றேன் கிளார்க்கரிடம். குரல் கீச்சென்று வந்தது. "தோட்டத்துல தொரை முன்னால சப்பாத்தோட நின்னா என்ன நடக்கும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். அந்தப் பயத்துல காலு தானாக் கழட்டிருச்சு. எனக்குப் போட்டு நடக்கத் தெரியும். ராவு பகலாப் பழகியிருக்கேன். இனிமே கழட்ட மாட்டேன்னு தொரைகிட்ட சொல்லுங்க."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்பு யாரிடமும் பேசியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனபோதும் அப்பாதான் பேசினார்.

கிளார்க்கர் கொஞ்சம் தயங்கி, இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. துரை என்னைச் சுவர்வரை நடந்து திரும்பச் சொல்லிச் சைகை காட்டினார். நடந்தேன். திரும்பினேன். குதிகாலில் பழைய புண் திறந்து ஈரமானது தெரிந்தது. முகத்தில் காட்டவில்லை.

துரை மேசையில் சாய்ந்து நின்றுகொண்டு, மலாயில் நேராக என்னிடமே சொன்னார்.

"புக்கா காசுட்."

சப்பாத்தைக் கழற்று.

 துரை சொல்கிறார். துரை சொன்னால் செய்ய வேண்டும். நான் பிறந்ததிலிருந்து அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் இப்போதுதான், இதே வாயால், கழற்ற மாட்டேன் என்று சொன்னேன்.

கை தானாக முடிச்சுப் பக்கம் இறங்கப் பார்த்தது. அதைப் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தா போலே, துவான்," என்றேன். முடியாதுங்க.

கிளார்க்கரின் பேனா நின்றது.

"அப்பா பாசால்?" ஏன்?

எனக்குத் தெரிந்த மலாய் சந்தையில் மீன் வாங்குகிற மலாய். அதில் தேடினேன். "கெர்ஜா, துவான். கெர்ஜா, பாக்கே காசுட்." வேலைங்க. வேலை செய்யச் சப்பாத்துப் போடணும்.

துரை என்னைப் பார்த்தார். முதல் தடவையாக முகத்தை. நானும் பார்த்தேன். அவர் கண் நீலம் என்று நினைத்திருந்தேன். பழுப்பு.

உட்கார்ந்தார். எழுதினார். என்னைச் சோதிக்கச் சொன்னாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளார்க்கர் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"எடுத்தாச்சு. முதல் வேலை, நிலத்திலை கிடக்கிற இந்தப் பஞ்சைக் கூட்டிப்போட்டுப் போ."

பங்களா வளைவு

செடெனாக்கில் ரயில் நின்றபோது செல்லாயி ஸ்டேஷன் வேலிக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.  என் முகத்தில் எப்போதும் ஒன்றும் எழுதியிருக்காது. ஆகவே காலைப் பார்த்தாள்.

"கெடைச்சிருச்சு," என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்கால வெயில். செம்மண் ரோட்டில் நடந்தோம். பங்களா வளைவு வந்தது. செல்லாயி நின்றாள். வீட்டிலிருந்து மடித்து எடுத்து வந்திருந்த இன்னொரு சாரத்தை நீட்டினாள்.

"சப்பாத்தக் கழட்டுங்க. சாரத்தக் கட்டுங்க."

"முடிச்சு அவிழாது," என்றேன். அது உண்மை. அவிழ்த்தாலும் கழற்றியிருக்க மாட்டேன். அதுவும் உண்மை.

"தொரை வராந்தாவுல இருக்காரு."

"இருக்கட்டும்."

நடந்தேன். அவள் எனக்குப் பின்னால் வருவதுதான் வழக்கம். அன்றைக்குப் பக்கத்தில் வந்தாள். துரை பிரம்பு நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாய் குரைத்தது. துரை தலையைத் தூக்கினார். சின்னப்பனின் நெஞ்சில் வழிந்த எச்சில் என் கண்ணில் வந்தது. கையை உயர்த்திச் சலாம் வைத்தேன், கால் நிற்காமல்.

துரை டீக்கோப்பையை வைத்துவிட்டுப் பாதி எழுந்து, அவரும் கையை உயர்த்தினார்.

வெள்ளைக் கோட்டையும் சிலுவாரையும் பார்த்து, ஜொகூர் பாருவிலிருந்து யாரோ உத்தியோகஸ்தர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வளைவு திரும்பும்வரை செல்லாயி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். திரும்பியதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி," என்றேன். "புள்ளைக்கு ஆகாது."

"அதுவும்தான் சிரிக்குது," என்றாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

லயத்து முகப்பில் கங்காணி நின்றார். என் காலைப் பார்த்தார். மலைக்காட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முடிச்சை அறுக்க அந்தோணி கத்தி எடுத்தான். கயிறு போனாலும் பரவாயில்லை என்றான். புதுக் கயிறு நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவன் மகன் கல்யாணத்துக்கும் அதே சப்பாத்துதான்.

குழாயடி

மகள் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் பிறந்தாள். செல்லாயி அவளை முதல் முதலில் குளிப்பாட்டியது குழாய்த் தண்ணீரில். வாளி நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மகள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன வாரம் பெரிய சிஸ்டர் என்னை வரச் சொன்னார். மகளை அங்கேயே சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு எடுக்கலாமா என்று பேச. புது வெள்ளைக் கவுன், வெள்ளைச் சப்பாத்து. கஞ்சி போட்டது செல்லாயிதான். கை அப்படியே இருக்கிறது. கவுன் காகிதம் மாதிரி சலசலத்தது.

சிஸ்டர் அறை வாசலில் நான் நின்றுவிட்டேன். ரயில்வே சப்பாத்து போட ஆரம்பித்து எவ்வளவு காலம் ஆயிற்று. இருந்தும் ஒரு பெரிய மேசை கண்ணில் பட்டால் என் கால் வாசலில் ஒரு நொடி யோசிக்கிறது.

மகள் யோசிக்கவில்லை. சப்பாத்தோடு டக் டக் என்று உள்ளே போய், பாதி அறையில் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா அங்கயே நிக்கிறீங்க? வாங்க."

போனேன்.

வெகுதானிய வருடம், கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளுவாங்.